மென்பொருளும் அதன் பதிவேடும்

தில்லியில் நான் குடியிருக்கும் வட்டாரத்தில் தமிழர் சங்கம் ஒன்று உண்டு. ஏறத்தாழ அறுநூறு குடும்பங்களைக் கொண்ட சிறிய சங்கம். அதற்கு ஒரு நூல்நிலையம் இருக்கிறது. அதனினும் முக்கியமாக, உறுப்பினர் ஒருவர் இறந்தால் அக்குடும்பத்துக்கு அன்றைய தினமே கைகொடுக்கும் உதவி நிதி ஒன்றும் இருக்கிறது. ஊரும் உறவும் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கையில், அந்த முதல் நாள் உதவியின் அருமையை வெளிமாநிலங்களில் வாழ்வோருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், நிதிக்குப் பல காலம் தவறாமல் சந்தா செலுத்தி வந்த அன்பர் ஒருவர் கோடைக்காலத்தில் காலமானார். அவருடைய மனைவியார் தம் தமையனாரை உடன் அழைத்துக்கொண்டு சங்க அலுவலகத்துக்கு வந்தார். கணினியைத் திறந்து பார்த்தோம். அன்பரின் பெயர் இருந்தது. கட்டிய தொகையும் தேதியும் இருந்தன. உதவித் தொகையை எவரிடம் கொடுக்க வேண்டும் என்று அவர் எழுதிக் கொடுத்திருந்த குறிப்பு மட்டும் இல்லை. அவருடைய குறிப்பு மட்டுமா? உறுப்பினர் எவருடைய குறிப்புமே இல்லை. விதிப்படி அக்குறிப்பின்றிப் பணம் கொடுக்கலாகாது. பழைய விண்ணப்பத் தாள்கள் பரணில் மூட்டையாகக் கிடந்தன. அவற்றை இறக்கிப் புரட்டித் தேடி, அம்மையாரிடம் தொகையைச் சேர்ப்பிக்கப் பதினொரு நாட்கள் ஆயின. முதல் நாளுக்கென ஏற்பட்ட நிதி பதினொன்றாம் நாள் போய்ச் சேர்ந்தது.

இதன் பிறகு புதிய மென்பொருள் ஒன்றை எழுதுவிப்பதெனச் செயற்குழு தீர்மானித்தது. எழுதித் தர முன்வந்த இருவர் இரு வேறு யோசனைகளைக் கூறினர். ஒருவர், "மென்பொருள் கட்டும் கருவியோடு கூடவே வரும் தரவுத்தள எந்திரமே போதும், தனியாக எதுவும் வேண்டா" என்றார். மற்றவர், "வேறொருவர் செய்த பெரிய எந்திரத்தைத் தனியே நிறுவிக்கொள்வதே நன்று" என்றார். நான் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளன், கலைப் பட்டதாரி, பொறியியல் கற்றவன் அல்லன். ஆயினும், "ஆங்கிலத்தில் இருப்பதைத் தமிழில் சொல்வது உங்கள் தொழில்தானே, இதையும் எங்களுக்குப் புரியும்படி சொல்லிவிடுங்கள்" என்று அந்தப் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். அதன்பொருட்டுப் படித்தும் அறிந்தவர்களைக் கேட்டும் நான் தெரிந்துகொண்டவற்றையே இங்குக் கூறுகிறேன். சங்கமோ, பள்ளியோ, கூட்டுறவுப் பண்டகசாலையோ, சிறு கடையோ நடத்தும் நேயர்களுக்கு இக்கேள்வி ஒரு நாள் வந்தே தீரும்.

முதலில், தரவுத்தள எந்திரம் என்பது யாது? அரசு அலுவலகங்களில் ரிக்கார்டு அறை என்று ஒன்று இருப்பதை நீங்கள் அறிவீர்கள். கோப்பு தேவைப்படும் குமாஸ்தா, தாமே அலமாரியைத் திறந்து எடுப்பதில்லை. ஒரு சீட்டில் எழுதி ரிக்கார்டு கீப்பரிடம் கொடுப்பார். ரிக்கார்டு கீப்பர் எடுத்துத் தருவார். வேலை முடிந்ததும் வாங்கி உரிய இடத்தில் வைப்பார். கணினித் திரையில் நாம் காணும் கட்டங்களும் பொத்தான்களும் அந்தக் குமாஸ்தாவைப் போன்றவை. அவற்றின் பின்னே, நம் கண்ணுக்குப் புலப்படாமல், பதிவுகளை வைத்துக் காத்துத் தேடித் தரும் பகுதியே தரவுத்தள எந்திரம்.

ரிக்கார்டு கீப்பரின் கடமைகள் மூன்று எனலாம். கேட்டதை விரைவில் தேடித் தருதல் முதலாவது. இருவர் ஒரே பதிவில் ஒரே நேரத்தில் எழுத வந்தால், ஒருவரை நிறுத்தி மற்றவரை விடுதல் இரண்டாவது. ஒரே படுக்கை எண்ணைச் சென்னை வண்டியில் இரண்டு முன்பதிவுச் சாளரங்கள் ஒரே நொடியில் கேட்டால், ஒருவருக்கு மட்டுமே அது கிடைக்க வேண்டும் அன்றோ? மூன்றாவது கடமை, ஒரு காரியத்தை முழுமையாக எழுதுதல், அல்லது அறவே எழுதாதிருத்தல். எங்கள் நிதியிலிருந்து ஒரு குடும்பத்துக்குத் தொகை வழங்கும்போது, நிதியின் இருப்பில் அதைக் கழிக்க வேண்டும். அவ்வுறுப்பினரின் பதிவில் "வழங்கப்பட்டது" என்று குறிக்கவும் வேண்டும். முதலாவதை எழுதி இரண்டாவதை எழுதுமுன் மின்சாரம் நின்றுவிட்டால் என்ன ஆகும்? நல்ல எந்திரம், மின்சாரம் திரும்பியதும் பாதியில் நின்றதை அழித்துப் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடும். கணக்கு ஒருபோதும் பாதியில் நிற்காது.

இத்துறையின் இன்றைய வடிவத்துக்கு அடிகோலியவர் எட்கர் காட் என்னும் ஆங்கிலேயர். அமெரிக்காவில் ஐபிஎம் நிறுவனத்தின் ஆராய்ச்சிக்கூடத்தில் பணியாற்றிய அவர், 1970-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒரு கட்டுரையில், பதிவுகளை எளிய அட்டவணைகளாக வைத்து, அட்டவணைகளுக்கிடையே உள்ள தொடர்பைக் கொண்டே எதையும் கேட்டுப் பெறலாம் என்று காட்டினார். அங்ஙனம் கேட்பதற்கென அதே நிறுவனத்தின் சேம்பர்லின், பாய்ஸ் என்னும் இருவர் 1974-இல் ஒரு மொழியை வகுத்தனர். அதுவே இன்று எஸ்க்யூஎல் என்று வழங்கும் வினவல் மொழி. 1986-இல் அமெரிக்காவிலும், அடுத்த ஆண்டில் உலக அளவிலும் அதற்குத் தர நிர்ணயம் செய்யப்பட்டது. எனினும், நெல்லைத் தமிழும் கொங்குத் தமிழும் போல, ஒவ்வோர் எந்திரமும் அம்மொழியைத் தனக்குரிய வழக்கில் பேசுகிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் பயன்படும்.

இனி நம் கேள்விக்கு வருவோம். உடன்வரும் எந்திரமா, வெளியார் எந்திரமா? சிறிது காலம் நானும் இக்கேள்வியை இப்படியே வைத்துக்கொண்டு குழம்பினேன். பிறகுதான், இஃது ஒரு கேள்வியன்று, இரண்டு கேள்விகள் ஒன்றாய்ப் பிணைந்து கிடக்கின்றன என்பது விளங்கிற்று. எந்திரம் யாருடையது என்பது ஒரு கேள்வி. எந்திரம் எங்கே குடியிருக்கிறது என்பது மற்றொரு கேள்வி. இவ்விரண்டையும் பிரித்துப் பார்த்தால் மூன்று வகைகள் தெளிவாகத் தெரிகின்றன.

முதல் வகை, மென்பொருள் கட்டும் கருவியைச் செய்தவரே செய்து, அக்கருவிக்குள்ளேயே வைத்துத் தரும் எந்திரம். ஃபாக்ஸ்புரோவும் மைக்ரோசாஃப்ட் ஆக்ஸஸும் இதற்கு நல்ல எடுத்துக்காட்டுகள். இரண்டாம் வகை, கருவிக்குத் தொடர்பில்லாத வெளியார் செய்தது. ஆனால் நம் மென்பொருளுக்குள்ளேயே வந்து குடியேறி அதன் ஓர் உறுப்பாகிவிடுவது. எஸ்க்யூலைட் என்பது இவ்வகையினது. மூன்றாம் வகை, வெளியார் செய்தது. தனிக் கணினியிலோ, அதே கணினியில் தனி நிரலாகவோ இடையறாது இயங்கிக்கொண்டு, கேட்பவர்க்கெல்லாம் பதிலளிப்பது. சர்வர் என்று சொல்லப்படுவது இதுவே. போஸ்ட்கிரெஸ், மைஎஸ்க்யூஎல், ஆரக்கிள் முதலியன இவ்வகையைச் சேர்ந்தவை. ஒவ்வொன்றையும் சற்று நெருங்கிப் பார்ப்போம்.

முதல் வகையின் பெருமை எளிமை. திரையும் எந்திரமும் ஒரே கை செய்தவையாதலால் ஒன்றோடொன்று இசைந்து நடக்கும். நிறுவுவதற்குத் தனி ஆள் வேண்டா. தொண்ணூறுகளில் நம் நாட்டுக் கணினிப் பயிற்சி நிலையங்களில் ஃபாக்ஸ்புரோ கற்காத மாணவர் அரியர். மருந்துக் கடையின் சரக்குக் கணக்கு முதல் கல்லூரியின் மதிப்பெண் பட்டியல் வரை எண்ணற்ற மென்பொருள்கள் அதில் எழுதப்பட்டன. சில நாட்களில் எழுதி, அன்றே பயன்படுத்தலாம். அந்நன்மையைக் குறைத்து மதிப்பிடுதல் தகாது.

ஆனால் இவ்வகையில் பதிவேட்டின் ஆயுள் கருவியின் ஆயுளோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. ஃபாக்ஸ்புரோவின் வரலாறே இதற்குச் சான்று. அதனைப் படைத்த ஃபாக்ஸ் சாஃப்ட்வேர் நிறுவனத்தை மைக்ரோசாஃப்ட் 1992-இல் வாங்கிற்று. 2004-இல் ஒன்பதாம் பதிப்பு வெளிவந்தது. அதுவே கடைசிப் பதிப்பு என்று 2007-இல் அறிவிக்கப்பட்டது. 2015 சனவரியில் அதற்கான ஆதரவும் முடிவுற்றது. எவர் மீதும் குற்றமில்லை. எக்கருவிக்கும் ஓர் அந்திமக் காலம் உண்டு. ஆனால் 1999-இல் சந்தா கட்டத் தொடங்கிய உறுப்பினருக்கு 2035-இலும் சங்கம் கணக்குக் காட்ட வேண்டியிருக்கலாம். மென்பொருள் பத்தாண்டு வாழும்; பதிவேடு ஒரு தலைமுறை வாழ வேண்டும்.

வேறு எல்லைகளும் உள. ஃபாக்ஸ்புரோவில் ஓர் அட்டவணைக் கோப்பும், ஆக்ஸஸில் ஒரு தரவுத்தளக் கோப்பும் 2 ஜிகாபைட் அளவைத் தாண்டலாகாது. அறுநூறு குடும்பங்களின் சந்தாக் கணக்குக்கு அது தாராளமாகப் போதும். விண்ணப்பங்களின் படங்களையும் உள்ளே வைக்கத் தொடங்கினால் விரைவில் நிரம்பிவிடும். மேலும், இவ்வகையில் ரிக்கார்டு கீப்பர் என்று தனி ஆள் ஒருவர் அறையில் அமர்ந்திருப்பதில்லை. ஒவ்வொரு மேசைக் கணினியும் பொதுக் கோப்பை வலையமைப்பின் வழியே தானே திறந்து எழுதுகிறது. எழுதும்போது கம்பி கழன்றால் கோப்பே சிதைய இடமுண்டு. இரண்டு மூன்று பேர் வரையில் சமாளிக்கலாம். பத்துப் பேர் எழுதும் இடத்துக்கு இது பொருந்தாது.

எங்கள் உதவி நிதியில் நிகழ்ந்தது என்ன என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் பழைய மென்பொருளும் இந்த முதல் வகையினதே. உறுப்பினர் ஒருவரின் மகன், கல்லூரியில் படிக்கும் நாளில் அன்போடு எழுதிக் கொடுத்தது; பின்னர் அவர் வேலைக்காக வெளிநாடு சென்றுவிட்டார். அவ்வகைக் கோப்பமைப்பில் பெயர், தொகை, தேதி முதலிய குறுகிய விவரங்கள் டிபிஎஃப் என்று முடியும் கோப்பில் இருக்கும். நீண்ட குறிப்புகளோ, அதே பெயரில் எஃப்பிடி என்று முடியும் வேறொரு துணைக் கோப்பில் இருக்கும். கணினி மாற்றியபோது டிபிஎஃப் கோப்பை மட்டும் எடுத்துக்கொண்டு துணைக் கோப்பை விட்டுவிட்டோம். பழைய மென்பொருள், குறை கண்டு, திறக்க மறுத்தது. எச்சரிக்கை என்று அதைக் கொள்ளாமல், ஒரு கணக்குத்தாள் மென்பொருளில் அக்கோப்பைத் திறந்து பார்த்தோம். தொகையும் தேதியும் தெரிந்தன. எல்லாரும் நிம்மதி அடைந்தோம். குறிப்புப் பகுதி வெறுமையாய்க் கிடந்ததை எவரும் கவனிக்கவில்லை. பழைய கணினியோ காயலான் கடைக்குப் போய்விட்டது. அப்போது செயற்குழுவில் நானும் ஒருவன். எனவே, பிழை எந்திரத்தினுடையது அன்று, எங்களுடையது. பதிவேடு எத்தனை கோப்புகளில் இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி வைத்திருந்தால் அந்த அம்மையார் பதினொரு நாள் காத்திருக்க நேர்ந்திராது.

இரண்டாம் வகையான எஸ்க்யூலைட் பிறந்த கதை சுவையானது. அமெரிக்கக் கடற்படையின் போர்க்கப்பல் ஒன்றுக்கு வேண்டிய மென்பொருளில் ரிச்சர்டு ஹிப் என்னும் நிரலர் பணிபுரிந்து வந்தார். அம்மென்பொருள் தனித்து இயங்கும் ஒரு சர்வர் எந்திரத்தை நம்பியிருந்தது. சர்வர் நின்றுபோனால், மென்பொருளில் எக்குறையும் இல்லாதபோதும், பயன்படுத்துவோர் திரையில் பிழைச் செய்தியே தோன்றும். சர்வரே இல்லாத ஓர் எந்திரம் இருந்தால் என்ன என்று எண்ணி, 2000-ஆம் ஆண்டில் அவர் அதனை உருவாக்கி வெளியிட்டார். எவருக்கும் உரிமை கொண்டாடாது பொதுவுடைமையாகவே அது விடப்பட்டிருக்கிறது. உங்கள் சட்டைப்பையில் இருக்கும் திறன்பேசிக்குள்ளும் பெரும்பாலும் இவ்வெந்திரம் இயங்கிக்கொண்டிருக்கும்.

இதில் முழுத் தரவுத்தளமும் ஒரே கோப்பு. அக்கோப்பின் அமைப்பு வெளிப்படையாக எழுதி வெளியிடப்பட்டிருக்கிறது. 2004 முதல் மாறாமல் காக்கப்பட்டும் வருகிறது. 2050 வரை இதனைப் பேணுவதே தம் நோக்கம் என்று ஆக்கியோர் அறிவித்துள்ளனர். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம், தரவுகளை நெடுங்காலம் பாதுகாப்பதற்குப் பரிந்துரைக்கும் கோப்பு வடிவங்களில் இதனையும் ஒன்றாக வைத்திருக்கிறது. மென்பொருளை எழுதியவர் மறைந்தாலும், கட்டிய கருவி மறைந்தாலும், வேறு நூறு கருவிகள் அக்கோப்பைத் திறந்து படிக்கும்.

இதற்கும் எல்லை உண்டு. ஒரே நேரத்தில் எத்தனை பேர் வேண்டுமாயினும் படிக்கலாம், எழுதுவோர் ஒருவரே. ஒருவர் எழுதும் சிறு பொழுதில் மற்றவர் காத்திருக்க வேண்டும். வலையமைப்பில் பகிர்ந்த கோப்பாக வைத்துப் பல கணினிகளிலிருந்து எழுதுவதை ஆக்கியோரே ஊக்குவிப்பதில்லை. இன்னொரு நுட்பமும் உண்டு. ஒரே கோப்பு என்றேன். ஆனால் மென்பொருள் இயங்கும்போது, அண்மையில் எழுதியவை சில சமயம் ஒரு துணைக் கோப்பில் தங்கியிருக்கும். ஆதலால், இயங்கும் நேரத்தில் முதன்மைக் கோப்பை மட்டும் நகலெடுத்தால் எங்கள் பழைய பிழையே புது வேடத்தில் திரும்பும். மென்பொருளை மூடிவிட்டு நகலெடுக்க வேண்டும். அல்லது காப்புப் படி எடுப்பதற்கென எந்திரத்திலேயே உள்ள கட்டளையைப் பயன்படுத்த வேண்டும்.

மூன்றாம் வகை, தனித்து நிற்கும் சர்வர். இங்கே ரிக்கார்டு கீப்பர் உண்மையிலேயே அறையில் அமர்ந்திருக்கிறார். நூறு பேர் நூறு ஊர்களிலிருந்து சீட்டு நீட்டினாலும் ஒழுங்குபடுத்தி வாங்கிப் பதில் தருவார். பொருளாளர் எழுதலாம், நூலகர் படிக்க மட்டுமே செய்யலாம் என்று ஆளுக்கேற்ப உரிமை வகுக்கலாம். இவ்வகையில் போஸ்ட்கிரெஸ் புகழ் பெற்றது. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் 1986-இல் தொடங்கிய ஆராய்ச்சியின் வழித்தோன்றல் அது. இன்று தன்னார்வலர்களும் பல நிறுவனங்களும் கூடி அதனைப் பேணி வருகின்றனர், விலையில்லை.

விலையில்லை என்றாலும் செலவில்லை என்று எண்ணிவிடாதீர்கள். போஸ்ட்கிரெஸின் ஒவ்வொரு பெரும் பதிப்புக்கும் ஐந்தாண்டு ஆதரவே உண்டு. அதற்குள் புதிய பதிப்புக்கு மாற வேண்டும். கடவுச்சொற்களைக் காக்க வேண்டும். இணையத்துக்குத் திறந்து வைத்தால் அத்துமீறுவோர் வந்து தட்டிப் பார்ப்பர். சங்க அறையில் வைத்தால் மின்சாரமும் வன்தகடும் நம் பொறுப்பு. வாடகைக் கணினியில் வைத்தால் மாதந்தோறும் கட்டணம். இவற்றை எல்லாம் கவனிக்க ஓர் ஆள் வேண்டும். காவலாளி இல்லாத கருவூலத்தைவிடப் பூட்டிய மேசை இழுப்பறை மேல்.

வெளியார் எந்திரம் என்றால் என்றும் சுதந்திரம் என்பதும் இல்லை. 1995-இல் தோன்றிய மைஎஸ்க்யூஎல் எந்திரத்தை 2008-இல் சன் நிறுவனம் வாங்கிற்று. 2010-இல் சன் நிறுவனத்தையே ஆரக்கிள் வாங்கிற்று. உடைமை மாறுவதைக் கண்டு கவலையுற்ற மூல ஆசிரியர், அதன் நிரலை எடுத்து மரியாடிபி என்னும் கிளையை 2009-இல் தொடங்கினார். நிரல் திறந்திருந்தபடியால்தான் அது முடிந்தது. எந்திரம் யாருடையது என்று கேட்பதோடு, அவர் கைவிட்டால் அதைத் தொடர வேறொருவருக்கு உரிமை உண்டா என்றும் கேட்க வேண்டும்.

தமிழர்களாகிய நமக்கென ஒரு தனிச் சோதனையும் இருக்கிறது. எங்கள் நூல்நிலையப் பட்டியல், ஒருங்குறி பரவுவதற்கு முன்னிருந்த எழுத்துரு ஒன்றில் தட்டப்பட்டது. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் அது வெறும் கிறுக்கலாகத் தெரிந்தது. மாற்றி எழுதப் பல வாரங்கள் பிடித்தன. ஃபாக்ஸ்புரோ போன்ற பழைய எந்திரங்களுக்கு ஒருங்குறியைக் கையாளும் திறன் இயல்பாக இல்லை. புதிய எந்திரங்கள் கையாளும். ஆனால் அங்கும் இரண்டு செய்திகளை விசாரிக்க வேண்டும். முதலாவது, இடத்தின் அளவு. 'முருகன்' என்பதில் நமக்கு நான்கு எழுத்துகள். கணினிக்கோ ஏழு குறிகள். பரவலான யூடிஎஃப்-8 முறையில் அவை 21 பைட் இடம் பிடிக்கும். ஆங்கிலப் பெயரை மனத்தில் கொண்டு இருபது பைட் ஒதுக்கினால் முருகனுக்கே இடம் போதாது.

இரண்டாவது, அகரவரிசை. வேறு ஏற்பாடு செய்யாவிடில், எஸ்க்யூலைட் குறியெண்களின் வரிசைப்படியே அடுக்கும். குறியெண் வரிசை நம் நெடுங்கணக்கோடு முற்றும் ஒத்துப்போவதில்லை. அதில் ன என்பது ந-வை அடுத்து நிற்கிறது. ஆகவே வள்ளிக்கு முன்னே வனஜா வந்துவிடுவார். புள்ளி உயிர்க்குறிகளுக்குப் பின்னே நிற்கிறது; ஆகவே அம்மணிக்கு முன்னே அமுதா வந்துவிடுவார். பட்டியலில் கண்ணால் தேடும் முதியவர் பெயர் இல்லையென்றே எண்ணித் திரும்பிவிடக்கூடும். போஸ்ட்கிரெஸ் 2017-இல் வந்த பத்தாம் பதிப்பிலிருந்து, மொழிக்குரிய வரிசை விதிகளைக் கொண்ட ஐசியு என்னும் தொகுதியைப் பயன்படுத்திக்கொள்ள வழி செய்தது. எஸ்க்யூலைட்டிலும் அதனைச் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் நிரலர் முனைந்து சேர்க்க வேண்டும். நாம் கேட்காவிடில் சேர்க்கமாட்டார்.

இவ்வளவும் அறிந்த பின் தேர்ந்தெடுப்பது எவ்வாறு? எங்கள் செயற்குழுவின் முன் நான் நான்கு கேள்விகளை வைத்தேன். ஒரே நேரத்தில் எத்தனை பேர் எழுதுவர்? எத்தனை இடங்களிலிருந்து எழுதுவர்? பதிவு எத்தனை ஆண்டு நிலைக்க வேண்டும்? இதை நாள்தோறும் கவனிக்கப்போகிறவர் யார்?

மூன்று நாள் இலக்கிய மாநாட்டுக்குப் பெயர் பதிய ஒரு மென்பொருள் வேண்டுமா? கருவியோடு வரும் எந்திரமே போதும். மாநாடு முடிந்ததும் அதன் வேலையும் முடிந்தது. பல கிளைகள் கொண்ட கூட்டுறவுக் கடன் சங்கமா, ஐந்து சாளரங்களில் நாளெல்லாம் பணம் வாங்கும் பள்ளியா? தயங்காமல் சர்வர் எந்திரத்தை நாடுங்கள். கவனிக்கும் ஆளுக்கும் சேர்த்து வரவு செலவுத் திட்டம் போடுங்கள்.

எங்கள் சங்கம் இவ்விரண்டுக்கும் இடையில் நின்றது. எழுதுபவர் அலுவலக எழுத்தர் ஒருவரே, இடமும் ஒன்றே. நிலைக்க வேண்டிய காலமோ ஒரு தலைமுறை. நான்காம் கேள்விக்கு எவரும் வாய் திறக்கவில்லை. செயற்குழுவில் பொறியியல் அறிந்த இளைஞர் ஒருவர் இருக்கிறார். "நாளை மற்றை வட்டாரச் சங்கங்களும் நிதியில் சேர்ந்தால் சர்வர் வேண்டியிருக்குமே" என்று அவர் வாதாடினார். நியாயமான வாதந்தான். "அதுவரை அதை நீங்கள் கவனித்துக்கொள்வீர்களா?" என்று தலைவர் கேட்டார். "அடுத்த ஆண்டு எனக்குப் புனாவுக்கு மாற்றல் வரலாம், ஐயா" என்றார் அவர். அந்த ஒரு விடையில் முடிவு பிறந்துவிட்டது. வெளிமாநிலத் தமிழ்ச் சங்கங்களில் ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பர். மாற்றலாகிப் போகக்கூடிய ஒருவரை நம்பிப் பதிவேட்டை வைக்கலாகாது.

ஆகவே, வெளியார் செய்ததும் உள்ளேயே குடியிருப்பதுமான இரண்டாம் வகையைத் தேர்ந்தோம். இளைஞரின் வாதத்தையும் புறக்கணிக்கவில்லை. வினவல்களை இயன்றவரை தர நிர்ணயத்துக்குட்பட்ட பொது வழக்கில் எழுத வேண்டும், எந்திரத்தின் தனி வழக்குகளைப் புகுத்தலாகாது என்று ஒப்பந்தத்தில் சேர்த்தோம். நாளை சர்வருக்கு மாறும் நாள் வந்தால் மொழிபெயர்ப்பு வேலை குறையும். மொழிபெயர்ப்பாளனாகிய நான் வற்புறுத்திச் சேர்த்த விதி அது.

வேறு நிபந்தனைகளும் எழுதினோம். மென்பொருளின் மூல நிரல் சங்கத்திடம் இருக்க வேண்டும். பதிவேடு எந்தெந்தக் கோப்புகளில் இருக்கிறது என்பதை ஒரு பக்கத்தில் தமிழில் எழுதி, அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்ட வேண்டும். கடவுச்சொல் உறையிலிட்டுத் தலைவரிடமும் பொருளாளரிடமும் இருக்க வேண்டும். எந்த எந்திரமும் இன்றிப் படிக்கத்தக்க எளிய எழுத்துக் கோப்பாக முழுப் பதிவேட்டையும் மாதந்தோறும் வெளியே எடுத்து வைக்க வேண்டும். எழுதித் தர முன்வந்த இருவரிடமும் இவற்றைக் காட்டினோம். உடன்பட்டவர் ஒருவரே, வேலை அவருக்கே கொடுக்கப்பட்டது. எந்திரத்தின் பெயரைக் கேட்பதற்கு முன் இந்நிபந்தனைகளைக் கேளுங்கள் என்பதே உங்களுக்கு நான் சொல்லக்கூடிய முதல் யோசனை.

காப்புப் படி எடுத்தால் மட்டும் போதாது; அது திறக்கிறதா என்று பார்க்கவும் வேண்டும். ஆண்டுதோறும் ஆயுதபூஜைக்கு முன்னாள், காப்புப் படியை வேறொரு கணினியில் திறந்து, பத்து உறுப்பினர்களின் பதிவைப் பழைய விண்ணப்பத் தாள்களோடு ஒப்பிட்டுப் பார்க்கிறோம். குறிப்புப் பகுதியை முதலில் பார்க்கிறோம். தாள்களைப் பரணிலிருந்து இறக்கி, பெயர் வரிசைப்படி அடுக்கி, இரும்பு அலமாரியில் வைத்துவிட்டோம்.

சென்ற குளிர்காலத்தில் மற்றோர் உறுப்பினர் காலமானார். அவருடைய மகள் மாலை நாலு மணிக்குச் சங்கத்துக்கு வந்தார். ஆறு மணிக்குள் தொகை அவர் கையில் இருந்தது. எந்த எந்திரம் அதைத் தேடித் தந்தது என்று அந்தப் பெண் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் அவருக்கு நேரவில்லை.